அசோர்ஸ்ல திமிங்கலம் பாக்க சின்ன குரூப்போட ஒரு வாரம்: போகலாமா, எப்ப போகலாம், எந்த போட்ல ஏறலாம்

நீங்க கேட்டது இதுதான்: நீங்க, உங்க வீட்டுக்காரர், 66 வயசு அம்மா, மூணு பேரும் அட்லாண்டிக்ல ஏதாவது ஒரு தீவுக்குப் போய் திமிங்கலம் பாக்கணும், எட்டுப் பேர் மட்டும் போற ஒரு வார பேக்கேஜ் ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு, நாமளே டிக்கெட் போட்டுப் போறதோட கணக்குப் பாத்தா ரொம்ப ஜாஸ்தியாத் தெரியுது, அவ்ளோ காசு குடுத்தும் ஒண்ணும் கண்ணுல படலைன்னா என்ன பண்றது, அம்மாவால போட்ல உக்கார முடியுமா. நான் லிஸ்பன்ல இருக்கேன், இங்க இருக்கறவங்களுக்கு அசோர்ஸ் தீவுகளுக்குப் போறது வர்றது வழக்கம்தான், அதுலயும் பீகோ தீவு மேல எனக்குத் தனிப் பிரியம், அதனால மத்த தீவெல்லாம் விட்டுட்டு பீகோவை வச்சே சொல்றேன்.

முதல்ல முடிவைச் சொல்லிடறேன். போகலாம், குடுக்குற காசுக்குப் பிரயோஜனம் உண்டு, ஆனா ஒரு கண்டிஷன்: ஒரே தீவுல தங்கி குறைஞ்சது நாலஞ்சு தடவையாவது கடலுக்குக் கூட்டிட்டுப் போற பேக்கேஜா இருக்கணும். ஒரு வாரத்துல மூணு தீவைச் சுத்திக் காட்டி நடுவுல ரெண்டு தடவை போட்ல ஏத்துறோம்னு சொன்னா அது ஊர் சுத்துற டூர், நீங்க கேக்குறது அது இல்ல. ஏன்னா அங்க எல்லாத்தையும் முடிவு பண்றது காத்து. காலைல நல்லா வெயில் அடிக்கும், பத்து மணிக்கு மேகம் கீழ எறங்கி மலையே காணாமப் போயிடும், மத்யானம் மழை, சாயங்காலம் மறுபடி வெயில், ஒரே நாள்ல நாலு பருவமும் வரும்னு அந்த ஊர்க்காரங்களே சொல்லுவாங்க. கடல் மோசமா இருந்தா கேப்டன் போட்டை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ரெண்டே தடவை புக் பண்ணி ரெண்டும் கேன்சல் ஆச்சுன்னா அவ்ளோ தூரம் வந்ததே வீண். அஞ்சு தடவை திட்டம் வச்சிருந்தா ரெண்டு கேன்சல் ஆனாலும் மூணு மிஞ்சும், அந்த மூணும் மூணு விதமா இருக்கும். சின்ன குரூப்புக்கு நீங்க கூடுதலா குடுக்குற காசு இந்த நாட்களுக்கும் கூட வர்ற கைடுக்கும்தான், ரூம் சொகுசுக்கு இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு பேக்கேஜைப் படிங்க.

ஏன் பீகோன்னு கேப்பீங்க. அசோர்ஸ்ங்கறது போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒம்பது தீவு, லிஸ்பன்ல இருந்து மேற்கால ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், சுத்தமா நடுக்கடல், எல்லாமே எரிமலை போட்ட தீவு. பீகோல இருக்குற மலை 2,351 மீட்டர், போர்ச்சுகல்லயே உசரமான மலை அதுதான். மேல தெரியற அந்தச் சரிவு தண்ணிக்குள்ளயும் அப்படியே செங்குத்தா எறங்குது, அதனால கரையில இருந்து சில கிலோமீட்டர் போனாலே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிடும். ஸ்பெர்ம் திமிங்கலம் இருட்டு ஆழத்துல கணவாய் பிடிச்சுத் தின்னுற ஜாதி, அது ஆழமான கடலை விட்டு வராது, மத்த இடங்கள்ல அதைப் பாக்கணும்னா ரொம்ப தூரம் கடலுக்குள்ள போகணும், இங்க ஆழமே கரைக்குப் பக்கத்துல வந்து நிக்குது. வருஷம் முழுக்க இந்த ஜாதி அங்க உண்டு. நம்ம ஊர் நியூஸ்ல அம்பர்கிரிஸ் கடத்தல்னு கோடிக்கணக்குல பிடிபட்டதா அப்பப்ப வருமே, அது இந்தத் திமிங்கலத்தோட குடல்ல உருவாகுற பொருள்தான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். அங்க திமிங்கலத்தைக் கண்டுபிடிக்கறது போட்ல இருக்கறவங்க இல்ல, கரையில உக்காந்திருக்குற ஒருத்தர். குன்று மேல சின்னதா ஒரு காவல் கூண்டு, கடலைப் பாத்து அகலமா ஒரு திறப்பு, உள்ள பெரிய பைனாகுலர், அதுக்கு முன்னாடி விடியற நேரத்துலயே வந்து உக்காந்துடுவார். அந்த இடத்துக்கும் விஜியான்னுதான் பேரு, அந்த ஆளுக்கும் விஜியான்னுதான் பேரு. திமிங்கலம் மேல வந்து மூச்சு விடறப்ப எழும்புற நீராவியை வச்சு, எந்தத் திசை, எவ்ளோ தூரம், என்ன ஜாதி, எத்தனை, எந்தப் பக்கம் நகருதுன்னு வயர்லெஸ்ல கேப்டனுக்குச் சொல்லுவார், போட் நேரா அங்க போகும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூக்குத் துளை தலையோட முன்பக்கம், இடது ஓரத்துல இருக்கு, அதனால அது விடற மூச்சு நேரா மேல போகாம முன்னாடி இடது பக்கமா சாஞ்சு போகும், பழகின கண்ணுக்கு அது ஒண்ணே போதும், அத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தே ஜாதியைச் சொல்லிடுவாங்க. ஒரு சீசன் முழுக்க தினமும் கடலைப் பாத்துட்டே இருக்குற அந்த வேலைக்கு எவ்ளோ பொறுமை வேணும்னு யோசிச்சுப் பாருங்க. லாஜெஸ் ஊர் பக்கத்துல கெய்மாடாங்குற இடத்துல அப்படி ஒரு விஜியா இருக்கு, போய்ப் பாருங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

இந்தக் கூண்டெல்லாம் டூரிஸ்டுக்காகக் கட்டினது இல்ல. திமிங்கல வேட்டைக்குக் கட்டினது. 18, 19-ம் நூற்றாண்டுல அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் அசோர்ஸ்ல நின்னு ஆள் எடுத்துட்டுப் போச்சு, அந்தத் தொழிலைக் கத்துக்கிட்ட தீவுக்காரங்க அப்புறம் சொந்தக் கரையில இருந்தே வேட்டையாட ஆரம்பிச்சாங்க. விஜியா திமிங்கலத்தைப் பாத்தா ராக்கெட் வெடி விடுவார், சத்தம் கேட்டதும் வயல்ல இருக்கறவன், கடையில இருக்கறவன் எல்லாரும் அப்படியே போட்டுட்டு படகுக்கு ஓடுவாங்க. ஒரு படகுக்கு ஏழு பேர், நீளமான மரப்படகு, துடுப்பு, பாய், கையால எறியற ஈட்டி. கடைசி வரைக்கும் கையாலதான் எறிஞ்சாங்க. 1984-ல தொழிலா செஞ்சது நின்னுது, 1987-ல கடைசியாப் பிடிச்சாங்க, அதோட முடிஞ்சுது. அதுக்குச் சில வருஷத்துலயே அதே லாஜெஸ்ல இருந்து திமிங்கலத்தைப் பாக்கறதுக்குன்னு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. வேட்டைக் காலத்துல வெடி விட்ட விஜியாக்களே இந்தத் தொழிலுக்கும் கண்ணாக இருந்தாங்க, அவங்ககிட்ட இருந்து அடுத்த தலைமுறை கத்துக்குச்சு.

அதனால வேட்டை மியூசியத்தை "ஐயோ பாவம் திமிங்கலம்"னு தவிர்த்துடாதீங்க. லாஜெஸ்ல பழைய படகுக் கொட்டகைங்களையே மியூசியமா மாத்தியிருக்காங்க, சாவ் ரோக் ஊர்ல திமிங்கலத்தைக் காய்ச்சி எண்ணெயும் மாவும் எடுத்த ஃபேக்டரியையே அப்படியே வச்சிருக்காங்க, பாய்லர், பெரிய இரும்பு டேங்க், எல்லாம் அங்கயே நிக்குது. ரெண்டையும் பாருங்க. அந்த ஊர்க்காரங்க அதை மறைக்கவும் இல்ல, பெருமையடிக்கவும் இல்ல. விவசாயமும் மீனும் மட்டும் வச்சு வாழ முடியாத கல்லுத் தீவு, நிறைய குடும்பம் அமெரிக்காவுக்கே போயிடுச்சு, இருந்தவங்களுக்கு உயிரைப் பணயம் வச்சுச் செஞ்ச பிழைப்பு அது. அந்த மரப்படகுங்களை இப்ப கோடையில பந்தயத்துக்கு விடறாங்க, ஆகஸ்ட் கடைசி வாரம் லாஜெஸ்ல வேட்டைக்காரர் திருவிழாவே நடக்கும், அந்த நேரத்துல போனா ரூம் கிடைக்கறது கஷ்டம், ஆனா பாக்க அருமையா இருக்கும்.

கடல்ல என்ன நடக்கும்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேர் வீடியோ பாத்துட்டு தண்ணிக்கு மேல எகிறிக் குதிக்கும்னு நெனச்சுட்டு வர்றாங்க. ஸ்பெர்ம் திமிங்கலம் பெரும்பாலும் அப்படிக் குதிக்காது. ஆழத்துல முக்கால் மணி நேரம் இருந்துட்டு மேல வரும், எட்டு, பத்து நிமிஷம் தண்ணி மட்டத்துல கட்டை மாதிரி மிதந்துகிட்டே மூச்சு வாங்கும், அப்புறம் முதுகை வளைச்சு, வாலைச் செங்குத்தா தூக்கி, உள்ள போயிடும். அந்த வால் தூக்கற நொடிக்காகத்தான் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. வாலோட ஓரத்துல இருக்குற வெட்டு, கிழிசல் ஒவ்வொண்ணுக்கும் வேற மாதிரி இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து வச்சு ஆராய்ச்சிக்காரங்க எது எதுன்னு அடையாளம் வச்சிருக்காங்க, சில திமிங்கலம் பல வருஷம் கழிச்சும் அதே இடத்துக்குத் திரும்பி வர்றது அப்படித்தான் தெரிஞ்சுது. அது உள்ள போனதும் நல்ல கேப்டன் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு தண்ணிக்குள்ள மைக் எறக்குவார், ஸ்பீக்கர்ல டக் டக் டக்குனு கேக்கும், தச்சன் பலகையில விடாம சுத்தியல் தட்டுற மாதிரி. அதுதான் அது கணவாயைத் தேடற சத்தம், எதிரொலியை வச்சு இருட்டுல வழி பாக்குது. உலகத்துல எந்த உயிரும் இவ்ளோ பலமா சத்தம் போடறது கிடையாது. சத்தம் நின்னா மேல வரப் போகுதுன்னு அர்த்தம், எல்லாரும் தயாராயிடுவாங்க. அவசர அவசரமா மூணு மணி நேரத்துல ஓட்டிட்டு வர்ற பெரிய போட்ல இந்த மைக் எறக்கற வேலைக்கு நேரமே இருக்காது, இதுக்காகவே சின்ன குரூப் போகணும்னு நான் சொல்லுவேன்.

பெண் திமிங்கலங்களும் குட்டிங்களும் குடும்பமா சேந்து இருக்கும், பாட்டி, அம்மா, சித்தி, பொண்ணுன்னு பெண் வழிக் குடும்பம். அம்மா ஆழத்துக்கு எரை தேடப் போனா குட்டியால அவ்ளோ ஆழம் வர முடியாது, மேல இன்னொருத்தி கூட இருந்து பாத்துக்குவா. ஆம்பளைங்க வளந்ததும் குடும்பத்தை விட்டு வடக்கே குளிர்ந்த கடலுக்குப் போயிடும், எப்பவாவது திரும்பி வரும், பெண் 11 மீட்டர்னா ஆண் 16 மீட்டர் வரைக்கும் இருக்கும், பாத்த உடனே வித்தியாசம் தெரியும்.

மாசம் பத்திக் கேட்டீங்க. நீலத் திமிங்கலமும் பாக்கணும்னா ஏப்ரல் நடுவுல இருந்து மே கடைசிக்குள்ள போங்க. வசந்த காலத்துல வெளிச்சம் கூடி கடல்ல பாசி பெருகும், அதைத் தின்ன சின்ன இறால் மாதிரி கிரில் பெருகும், வடக்கே போற வழியில நீலத் திமிங்கலம், ஃபின் திமிங்கலம் எல்லாம் அங்க நின்னு சாப்பிட்டுட்டுப் போகும். சும்மா கடந்து போறது இல்ல, தங்கி எரை எடுத்துட்டுதான் போகுதுன்னு சாட்டிலைட் கருவி மாட்டி அசோர்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்களே கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா அந்த மாசங்கள்ல கடல் கொஞ்சம் முரடா இருக்கும், குளிரும், கேன்சல் ஆகற நாளும் அதிகம். ஜூலை, ஆகஸ்ட்ல கடல் அமைதி, தண்ணி சூடு, ஸ்பெர்ம் திமிங்கலக் குடும்பங்கள், புள்ளி டால்பின் கூட்டம் கூட்டமா வரும், ஆனா நீலத் திமிங்கலத்தை மறந்துடணும், கூட்டமும் விலையும் ஜாஸ்தி. உங்க மூணு பேருக்குன்னு பாத்தா, அம்மா கூட வர்றதால, ஜூன் சரியா வரும். நீலத் திமிங்கலத்துக்குன்னே உயிரை விடறவங்களா இருந்தா மட்டும் மே. நம்ம பக்கத்துல நீலத் திமிங்கலம் பாக்கறதுக்கு இலங்கையில மிரிஸ்ஸ இருக்கு, அங்க டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லாவே தெரியும், அதை வேணும்னா தனியா ஒரு தடவை வச்சுக்கலாம், ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பொறுமையா பாக்கணும்னா பீகோதான்.

பேக்கேஜ் நடத்துறவங்ககிட்ட சில கேள்வி நேராக் கேளுங்க. எத்தனை தடவை கடலுக்குப் போறீங்க, கேன்சல் ஆனா மறுநாள் அதை ஈடு கட்டுவீங்களா இல்ல காசு திருப்பித் தருவீங்களா, போட்ல எங்க எட்டுப் பேரு மட்டும்தானா இல்ல மத்தவங்களோட சேத்து ஏத்துவீங்களா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், எட்டுப் பேர் குரூப்னு விளம்பரம் இருக்கும், போட்ல ஏறினா இன்னும் பல பேர் உக்காந்திருப்பாங்க, குரூப் சின்னதா இருக்கறது சாப்பாட்டு டேபிள்ல மட்டும்தான். சொந்தமா விஜியா வச்சிருக்காங்களான்னும், போட்ல உயிரியல் படிச்சவங்க வர்றாங்களான்னும் கேளுங்க. தனியா போற அரை நாள் டிரிப் ஒரு ஆளுக்கு சுமாரா 60-ல இருந்து 80 யூரோ ஆகும், அதை அஞ்சால பெருக்கி, ரூம், சாப்பாடு, தீவுக்குள்ள கார் சேத்து, பேக்கேஜ் விலையோட வச்சுப் பாருங்க, கைடுக்குக் குடுக்கற காசு எவ்ளோன்னு தெளிவாத் தெரிஞ்சுடும். போர்ச்சுகீசு தெரியாம, கார் ஓட்டத் தயங்கறவங்களா இருந்தா பேக்கேஜே நிம்மதி.

திமிங்கலத்துக்குத் தொந்தரவு ஆகுமேன்னு உங்களுக்கு உறுத்தல் இருக்கறதாவும் எழுதியிருந்தீங்க, அது நல்ல உறுத்தல், விட்டுடாதீங்க. அசோர்ஸ்ல 1999-ல இருந்தே இதுக்குச் சட்டம் இருக்கு. போட் 50 மீட்டருக்குள்ள போகக் கூடாது, குட்டி கூட இருந்தா இன்னும் தள்ளி நிக்கணும், முன்னாடி போய் வழியை மறிக்கக் கூடாது, பின்னாடி இருந்து பக்கவாட்டுல மெதுவா போகணும், ஒரே திமிங்கலத்தைச் சுத்தி நிறைய போட் கூடக் கூடாது, திமிங்கலத்தோட தண்ணில எறங்கறது தடை. டால்பினோட நீந்தறதுக்கு லைசென்ஸ் உள்ள கம்பெனிங்களுக்கு அனுமதி உண்டு, பேக்கேஜ்ல அதையும் சேத்து விப்பாங்க, என் அபிப்ராயம் அது வேண்டாம். டால்பின் வந்துட்டிருக்குற வழியில மனுஷனைத் தண்ணில எறக்கி விடறாங்க, பெரும்பாலும் அது விலகிப் போயிடுது, போட்ல இருந்தே பாத்தா அதுவே பக்கத்துல வந்து விளையாடிட்டுப் போகும்.

அம்மா விஷயம். ரெண்டு வகை போட் உண்டு. ஒண்ணு காத்தடிச்ச ரப்பர் ஓரம் வச்ச ஜோடியாக், பன்னெண்டு பேர் வாக்குல ஏறலாம், குதிரை மேல உக்கார்ற மாதிரி சீட், தண்ணிக்கு ரொம்பக் கிட்ட, வேகம், ஆனா அலை மேல அடிச்சு அடிச்சுப் போகும், முதுகு, இடுப்பு, முட்டி எதுல பிரச்னை இருந்தாலும் ஏறவே கூடாது, கர்ப்பிணிங்களை ஏத்தவும் மாட்டாங்க. இன்னொண்ணு மேல கூரை, சாஞ்சுக்க சீட், டாய்லெட் எல்லாம் இருக்குற பெரிய போட். அம்மாவுக்கு இந்த ரெண்டாவதுதான், பேக்கேஜ்காரங்ககிட்ட முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் ஜோடியாக்ல போங்க, அன்னைக்கு அம்மா விஜியாகிட்டயோ மியூசியத்துலயோ இருக்கலாம். குமட்டலுக்கு மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போங்க, அம்மா வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்கன்னா அதையும் சொல்லிக் கேளுங்க, ஏறினப்புறம் போட்டா வேலை செய்யாது, முன்னாடியே போடணும். வெறும் வயித்தோட ஏறாதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க, பின்பக்கமா உக்காந்து தூரத்துல அடிவானத்தைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க, ஃபோனைக் குனிஞ்சு பாக்கவே கூடாது. ஆகஸ்ட்லயும் கடல் மேல காத்து குளிரும், ஸ்வெட்டர், காது மூடற குல்லா கண்டிப்பா.

சாப்பாடு, நீங்க சைவம்னா கொஞ்சம் சிரமம்தான், மீனும் மாட்டுக்கறியும் சாப்பிடற ஊர். ஆனா சீஸ் பிரமாதம், பக்கத்துத் தீவு சாவ் ஜோர்ஜ் சீஸ் கேட்டு வாங்குங்க, சோள ரொட்டி, காய்கறி சூப் கிடைக்கும், சூப்ல கறித்துண்டு இருக்கான்னு கேட்டுக்கோங்க. அப்புறம் இஞ்யாமேன்னு ஒரு கிழங்கு வேகவச்சுத் தருவாங்க, நம்ம சேப்பங்கிழங்கேதான், கூட சாசேஜ் வச்சுத் தருவாங்க, அது வேண்டாம்னு சொல்லிட்டா போதும், அம்மா சந்தோஷப்படுவாங்க.

கடலுக்குப் போக முடியாத நாளுக்கு, கறுப்பு எரிமலைக் கல்லை அடுக்கி சின்னச் சின்னக் கட்டமா சுவர் வச்சு உள்ள திராட்சை வளக்கற தோட்டங்கள் மடலேனா ஊர் பக்கத்துல இருக்கு, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது, நடக்க சுலபம். எரிமலைக் குழம்பு ஓடின குகை ஒண்ணு இருக்கு, டோரெஸ் குகைன்னு கேளுங்க, அது கரடுமுரடு, அம்மாவுக்கு வேண்டாம். மலை ஏறணும்னா உங்க ரெண்டு பேருக்கும் முழு நாள் போயிடும், முன்பதிவு வேணும், எனக்குக் கேட்டா அந்த நாளைக் கடலுக்கே குடுங்கன்னு சொல்லுவேன். எதிர்ல ஃபயால் தீவு, ஃபெர்ரில அரை மணி நேரம், 1957-58-ல கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு நிலமே கூடின கபெலின்யோஸ் பாக்கலாம். ஓர்டா ஊர்ல திமிங்கலப் பல்லுல செதுக்கின பழைய படங்கள் வச்சிருக்குற சின்ன மியூசியம் இருக்கு, பாருங்க, ஆனா எங்கயாவது பல்லு விலைக்குக் குடுத்தா வாங்காதீங்க, நாடு விட்டு நாடு கொண்டு போறது சர்வதேசச் சட்டப்படி குத்தம், ஏர்போர்ட்ல மாட்டுவீங்க.

விசா, போர்ச்சுகலோட ஷெங்கன் விசாவே போதும். லிஸ்பன்ல இருந்து பீகோவுக்கு நேரா ஃப்ளைட் உண்டு, தினமும் இருக்கான்னு நீங்க போற மாசத்துக்குப் பாத்துக்கோங்க, கிடைக்கலைன்னா ஓர்டாவுக்குப் பறந்து ஃபெர்ரி பிடிங்க. மேகம் எறங்கிட்டா ஃப்ளைட்டும் கேன்சல் ஆகும் இல்ல வேற தீவுல எறக்கிடுவாங்க, அதனால திரும்பி வர்றப்ப லிஸ்பன்ல ஒரு ராத்திரியாவது இடைவெளி விட்டு ஊர் ஃப்ளைட்டைப் போடுங்க, ரெண்டையும் ஒரே நாள்ல வைக்காதீங்க.

பேக்கேஜ் விவரத்தை, போட் வகையும் கேன்சல் விதியும் சேத்து, இங்கயே போடுங்க, பாத்துட்டு எது சரியில்லன்னு சொல்றேன்.